ஏரிக்கரையில் ஒரு காமிரா

விடுமுறை நாளில் ஊர்ப்புறத்து ஏரிக்கரையில் காலாற நடப்பது நம்மில் பலருக்குப் பழக்கமானதுதான். முன்பெல்லாம் அத்தகைய நடையில் காமிரா எடுத்துச் செல்வோர் அரிது. பிலிம் சுருள் ஒன்றுக்கு முப்பத்தாறு படங்கள்தாம். அவற்றைக் கழுவி அச்சிடவும் பணம் வேண்டும். இன்றோ வீட்டில் ஒருவரிடமாவது காமிரா பொருந்திய செல்பேசி இருக்கிறது. வழியில் கண்ட பூ, ஓணான், சிலந்தி, கொக்கு என எதையும் செலவின்றிப் படம் பிடிக்கலாம். பிடித்த படத்தை நான்கு பேருக்குக் காட்டிவிட்டு, செல்பேசியில் இடம் போதாதபோது அழித்தும் விடுகிறோம்.

அழிக்கும் முன் ஒரு கணம் நில்லுங்கள். அந்தப் படம் பிறகு ஒருநாள் ஒரு விஞ்ஞானிக்குத் தேவைப்படலாம். இது வெறும் கற்பனையன்று.

அமெரிக்க நாட்டில் ஒன்பது புள்ளிப் பொறிவண்டு என்று ஒரு வகை உண்டு. செம்மஞ்சள் நிறச் சிறகுறைகளில் பக்கத்திற்கு நான்கு புள்ளிகளும், நடுவே இரு உறைகளும் சேருமிடத்தில் ஒரு புள்ளியும் இருக்கும். ஒரு காலத்தில் அந்நாட்டின் வடகிழக்குப் பகுதிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட பூச்சி அது. 1989-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலம் அதைத் தன் மாநிலப் பூச்சியாக அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாநிலத்தில் அப்பூச்சி கண்ணில் படுவது அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது! பயிர்களைத் தின்னும் அசுவினிகளை உண்டு உழவருக்கு உதவிய ஒரு பூச்சி, எவரும் கவனிக்காமலே மறைந்துகொண்டிருந்தது. 2006-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் பதினொரு வயதுச் சிறுமியும் அவளுடைய பத்து வயதுத் தம்பியும் தங்கள் வீட்டருகே அந்தப் பொறிவண்டைக் கண்டனர். கிழக்கு அமெரிக்காவில் பதினான்கு ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத பூச்சி அது. கார்னெல் பல்கலைக்கழகப் பூச்சியியலார் நடத்தும் ஒரு திட்டத்தில் பள்ளிச் சிறுவர்களும் பொதுமக்களும் தாம் காணும் பொறிவண்டுகளைப் படம் பிடித்து, தேதியும் இடமும் குறித்து அனுப்பி வருகிறார்கள். 2011-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்திலேயே ஒரு காய்கறிப் பண்ணையில் அப்பூச்சி மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தேதியும் இடமும் என்பதைத்தான். அவை இல்லாவிட்டால் படம் எத்தனை அழகாயிருந்தாலும் அது ஒரு சாட்சியாகாது.

தேதி எத்துணை முக்கியமானது என்பதற்கு இன்னொரு சான்று பாருங்கள். 1868-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள லோவெல் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் படம் எடுத்தார். போரில் இறந்தோரை நினைவுகூரும் நாள் அது. அவர் மரங்களை ஆராய வந்தவர் அல்லர். ஆனாலும் படத்தில் மரங்கள் விழுந்திருந்தன. அவை இலையற்று நின்றன. 2005-ஆம் ஆண்டு அதே மே 30-ஆம் நாள், அதே இடத்தில் மீண்டும் படம் எடுத்தபோது மரங்கள் இலை அடர்ந்து நின்றன. இந்த ஒரு சோடிப் படங்களை மட்டும் வைத்து உலகம் வெப்பமாகிவிட்டது என்று தீர்ப்புக் கூற முடியாது. 1868-இல் அங்கே வசந்த காலம் வழக்கத்தைவிடக் குளிராகவும் இருந்தது. ஆனால் தேதியிட்ட பழைய படங்களைப் பலவாகத் திரட்டி, அந்தந்த ஆண்டின் வெப்பநிலையோடு ஒப்பிட்டபோது, வசந்தம் வெப்பமாக அமைந்த ஆண்டுகளில் செடிகொடிகள் முன்னதாகப் பூப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அப்படங்களை எடுத்தவர்கள் பின்புறம் தேதி எழுதாமல் விட்டிருந்தால் அத்தனையும் பயனற்றுப் போயிருக்கும்.

எருக்கஞ்செடியில் ஒரு புதிர்

இனி நம் ஏரிக்கரைக்கு வருவோம். கரையோரத்து எருக்கஞ்செடிகளைச் சுற்றி வெந்தய நிறத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்துகொண்டிருக்கும். முன்சிறகின் நுனி கறுப்பாகவும், அதில் வெள்ளைப் பட்டை ஒன்றும் இருக்கும். இதன் பெயர் வெந்தய வரியன். இதன் புழு எருக்கிலையைத் தின்று வளர்வதால், எருக்கம்பாலின் நஞ்சு பூச்சியின் உடலிலும் சேர்கிறது. ஒருமுறை இதைக் கொத்திப் பார்த்த பறவை, மறுமுறை இந்த நிறத்தைக் கண்டாலே விலகிவிடும்.

இந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வேறொரு பூச்சியும் உண்டு. எக்பிளை எனப்படும் இனங்களுள் ஒன்றின் பெண் பூச்சி, அச்சாக வெந்தய வரியனைப் போலவே இருக்கும். அதன் புழு பருப்புக்கீரை போன்ற செடிகளைத் தின்பது. அதன் உடலில் எருக்கின் நஞ்சு இல்லை. வேடமே அதற்குப் பாதுகாப்பு. அந்த இனத்தின் ஆண் பூச்சியோ வேடம் போடுவதில்லை. கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளைப் பொட்டுகளுடன் வேறு ஏதோ ஓர் இனம் போலத் தோன்றும்.

பறக்கும்போது இவ்விரண்டையும் வேறுபடுத்துவது கடினம். பறவையே ஏமாறும்போது நாம் எம்மாத்திரம்? ஆனால் படத்தை ஏமாற்ற முடியாது. பின்சிறகைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறகின் நடுப்பகுதியில் மூன்று கரும்புள்ளிகள் இருந்தால் பெண் வெந்தய வரியன். நான்கு இருந்தால் ஆண். நடுவில் புள்ளியே இல்லாமல், சிறகின் மேல் விளிம்பில் ஒரே ஒரு கரும்புள்ளி இருந்தால் அதுதான் வேடதாரி! எனவே வண்ணத்துப்பூச்சியைப் படம் பிடிக்கும்போது, சிறகு விரித்த நிலையில் ஒன்றும் மூடிய நிலையில் ஒன்றும் எடுத்துவிடுவது நல்லது. அது அமர்ந்திருந்த செடியையும் தனியாக ஒரு படம் எடுங்கள். பூச்சியின் பெயர் தெரியாதபோது செடியின் பெயரே துப்புக் கொடுக்கும்.

எருமையும் கொக்கும்

ஏரிக்குள் எருமைகள் மேய்கின்றன. ஒன்றின் முதுகில் உண்ணிக்கொக்கு. கறுப்பின் மேல் வெள்ளை; எவருக்கும் படம் எடுக்கத் தோன்றும் காட்சி. எடுத்துப் பார்த்தாலோ எருமை சாம்பல் பூசியது போலவும், கொக்கு வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியது போலவும் இருக்கிறது. ஏன்?

எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று காமிரா தானே முடிவு செய்கிறது. அதற்கு எருமையும் தெரியாது, கொக்கும் தெரியாது. எதிரே உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்பதே அதன் கணக்கு. காட்சியின் பெரும்பகுதியைக் கரிய எருமை அடைத்துக்கொண்டிருப்பதால், ஒளி போதவில்லை என்று எண்ணி அது கூடுதலாக ஒளியை விடுகிறது. எருமை சாம்பல் நிறமாகிறது; ஏற்கெனவே ஒளிரும் கொக்கோ அளவு மீறி வெளுத்து, இறகுகளின் கோடுகளெல்லாம் அழிந்துபோகின்றன. இன்றைய செல்பேசிகள் இக்குறையை ஓரளவு தாமே சரிசெய்துகொள்கின்றன. எனினும் முழுமையாக அன்று.

இதற்குத் தீர்வு எளிது. செல்பேசித் திரையில் கொக்கின்மேல் விரலை வைத்துத் தொடுங்கள். பல செல்பேசிகளில் பக்கத்தில் சூரியன் போன்ற ஒரு குறி தோன்றும்; அதைக் கீழே இழுத்தால் படம் இருண்டு, இறகுகள் தெரியத் தொடங்கும். பிற காமிராக்களில் ஒளி அளவைக் குறைக்கத் தனித் திருகோ பொத்தானோ இருக்கும்.

இது அழகுக்காக மட்டும் செய்வதன்று. உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் இனப்பெருக்கக் காலத்தில் செம்மஞ்சள் நிறம் ஏறும். மற்றக் காலத்தில் உடல் முழுதும் வெள்ளை. ஒளி மிகுந்த படத்தில் இளம் மஞ்சள் சாயல் வெளுத்து மறைந்துவிடும். பறவை கூடு கட்டும் பருவத்தை எட்டிவிட்டதா என்ற செய்தியே தொலைந்துபோகும். அலகும் தெரியவேண்டும். உண்ணிக்கொக்கின் அலகு மஞ்சள். ஏறக்குறைய அதே உருவமுடைய சின்னக் கொக்கின் அலகு கறுப்பு.

தும்பிகளுக்கு வேறு கணக்கு. தும்பி விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை சிறகடிக்கிறது. காமிரா 1/60 விநாடி திறந்திருந்தால், அதற்குள் சிறகு மேலிருந்து கீழே வந்துவிடும்; படத்தில் வெறும் புகைதான் தெரியும். 1/2000 விநாடியாகக் குறைத்தால் சிறகு நின்றதுபோல் விழும். ஆனால் உள்ளே வரும் ஒளியும் ஏறக்குறைய முப்பத்து மூன்றில் ஒரு பங்காகிவிடும். நல்ல வெயில் இல்லாமல் இது நடவாது. அதற்குப் பதில் அதிகாலையில் போய்ப் பாருங்கள். தும்பி தன் உடல் வெப்பத்துக்குச் சூரியனை நம்பியிருக்கும் உயிர். வெயில் ஏறும்வரை பனித்துளி படிந்த புல்லில் அசையாமல் இருக்கும். பறந்துபோனாலும் கவலையில்லை. பல தும்பிகள் ஒரே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வந்து அமரும் வழக்கமுடையவை. குச்சியைக் குறிவைத்துக் காத்திருப்பதே சிறந்த உத்தி.

ஈர மண்ணில் பதிந்த காலடித் தடங்களையும் விடாதீர்கள். நாயின் தடத்தில் நகக்குறிகள் தெரியும். பூனை நகங்களை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் தடத்தில் பொதுவாக அவை இரா. சாய்ந்த காலை ஒளியில் பள்ளங்களில் நிழல் விழுவதால் தடம் எடுப்பாகத் தெரியும்; உச்சி வெயிலில் தட்டையாகிவிடும். தடத்தின் அருகே அளவுகோல் ஒன்றை வைத்துப் படம் எடுப்பது அவசியம். சிலர் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார்கள். நம் நாட்டில் ஒரு ரூபாய் நாணயமே பல அளவுகளில் வெளிவந்திருக்கிறது. பெட்டியில் கிடக்கும் பதினைந்து சென்டிமீட்டர் அளவுகோலே மேல்.

ஆள்காட்டி கத்தினால்

ஒரே ஒரு படத்தை எடுக்காமல் விட்டுவிட வேண்டும். கோடையில் ஏரிக்கரைப் பொட்டலில் நடக்கும்போது ஓர் ஆள்காட்டிப் பறவை தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், உங்கள் காலடிக்கு அருகில் அதன் முட்டைகள் இருக்கின்றன என்று பொருள். இது கூடு கட்டுவதில்லை. சரளைக்கற்களுக்கிடையே வெறும் தரையில், பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். கற்களின் நிறத்தில் இருக்கும் அம்முட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டால் படம் எடுக்கக் கை துடிக்கும்!

அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது? நாம் நிற்கும்வரை பறவை முட்டைகளிடம் திரும்பாது. கோடை வெயிலில் சரளைத் தரை எப்படிச் சுடும் என்று செருப்பின்றி நடந்தவர்களுக்குத் தெரியும். ஆள்காட்டி முட்டைகளின்மேல் அமர்வது சூடேற்றுவதற்கு மட்டுமன்று; வெயிலை மறைக்கவுந்தான். ஏரி நீரில் வயிற்று இறகுகளை நனைத்து வந்து அது முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. நிழல் இல்லாத முட்டைக்குள் இருக்கும் கரு வெந்து இறந்துவிடக்கூடும். மேலும் நாம் குனிந்து நின்ற இடத்தைக் காகங்களும் நாய்களும் கவனித்துக்கொண்டிருக்கும். பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதலிலேயே சேர்த்திருக்கிறது. ஆகவே வந்த வழியே சில அடி பின்வாங்கிச் சுற்றிக்கொண்டு போவதே முறை. தொலைவிலிருந்து கத்தும் பறவையைப் படம் எடுங்கள், தவறில்லை.

நம் நாட்டு இயற்கைப் படக்கலையில் மா. கிருஷ்ணன் (1912–1996) பெயர் தனித்து நிற்பது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான அவர், 1950-ஆம் ஆண்டு தொடங்கித் தம் இறுதிக்காலம் வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். பல காமிராக்களின் பகுதிகளைத் தாமே இணைத்து உருவாக்கிய கனத்த காமிரா ஒன்றைக் கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் மான்களையும் படமெடுத்தார். காட்டு விலங்குகளைப் போலவே அணிலையும் காக்கையையும் ஓணானையும் பொருட்படுத்திக் கவனித்து எழுதியவர் அவர். விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் மாணவர்கள் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்கலாம்.

வீடு திரும்பிய பிறகும் சிறிது வேலை உண்டு. செல்பேசியோ காமிராவோ ஒவ்வொரு படத்தோடும் தேதியையும் நேரத்தையும் தானே பதிந்து வைக்கிறது. இட வசதி திறந்திருந்தால் இடத்தையும் பதியும். காமிராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்திச் செயலிகள் வழியே படத்தை அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. கூடவே இந்தக் குறிப்புகளும் உதிர்ந்துவிடுகின்றன. ஆகையால் மூலப்படத்தைக் கணிப்பொறியில் பத்திரப்படுத்துங்கள். காமிரா பதியாத செய்திகளை ஒரு நோட்டில் எழுதுங்கள்: ஏரியில் நீர் எவ்வளவு, முந்தின நாள் மழை பெய்ததா, கொக்கு என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை கொக்குகள்.

பெயர் தெரியாத உயிர்களை அடையாளம் காண இப்போது வழிகள் உள்ளன. 2008-ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் மூவர் தங்கள் முதுகலைப் படிப்பின் பகுதியாகத் தொடங்கிய 'ஐ-நேச்சுரலிஸ்ட்' தளத்தில் படத்தை ஏற்றினால், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். ஒருவர் சொன்னால் போதாது, மற்றவர்களும் ஒப்பவேண்டும். தமிழகத்தில் 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பும் நடைபெற்று வருகிறது. அதில் மாணவர்களும் சேரலாம். ஆனால் தேவாங்கு, நட்சத்திர ஆமை போன்று திருடி விற்கப்படும் உயிர்களைக் கண்டால், இடத்தைப் பொதுவில் வெளியிடாதீர்கள். கள்ளத்தனமாகப் பிடிப்போரும் படம் பார்க்கிறார்கள்.

தொடங்குவதற்கு ஏரிக்கரைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பள்ளிக்குப் போகும் வழியில் கொன்றை மரம் ஒன்று இருந்தால், வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, அதை ஒரு படம் எடுங்கள். பங்குனியில் இலை உதிர்ந்து, சித்திரையில் சரம் சரமாய்ப் பூத்து, பின்னர் நீண்ட காய்கள் தொங்கும்வரை படங்கள் வரிசையாகச் சேரும். அடுத்த ஆண்டும் எடுத்தால் இரு வரிசைகளையும் அருகருகே வைத்து, முதற்பூ எத்தனை நாள் முந்தியது, எத்தனை நாள் பிந்தியது என்று நீங்களே எண்ணிச் சொல்லிவிடலாம்.