28-ஆம் நம்பர் சிக்னல்

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில், கருப்புத் திரையைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதலில் இதைச் செய்யச் சொல்வேன்: டெர்மினலில், ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் 'எச்டாப்' ஓடட்டும், விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழு. பட்டைகள் சுருங்கி, பட்டியல் புது அகலத்துக்குள் அடங்கிவிடும். முன்பு 'எல்எஸ்' போட்டு வந்த ஃபைல் பட்டியலோ வரிசை குலைந்து கிடக்கும்.

எல்எஸ் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. மாற்றத்தைச் சொன்னாலும் கேட்க ஆளில்லை. எச்டாப் ஓடிக்கொண்டிருப்பதால், சிஸ்டத்தின் மையமான கெர்னல் அதற்கு 'சிக்விஞ்ச்' என்ற சிக்னலை அனுப்புகிறது. வழக்கமான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அதன் நம்பர் 28. புது அளவு அதில் இருக்காது. மாறிவிட்டது என்ற சேதி மட்டும்தான். எத்தனை வரி, எத்தனை எழுத்து அகலம் என்று புரோகிராம்தான் கெர்னலிடம் கேட்டு, மறுபடி வரைய வேண்டும். கண்டுகொள்ளாத புரோகிராமுக்கு அந்தச் சிக்னல் வந்த சுவடே தெரியாது.

1978-இல் வந்த விடி100 டெர்மினலுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. வழக்கமாக 80 எழுத்து, 24 வரி. கண்ணாடியை யார் இழுக்க முடியும்? அந்த 80-கூட ஐபிஎம்மின் 1928-ஆம் வருடத்துத் துளை அட்டையில் இருந்த அளவு. விண்டோக்கள் பரவிய 1980-களில் பெர்க்லி யூனிக்ஸ் இந்தச் சிக்னலைக் கொண்டுவந்தது.

எனக்கு இன்றும் வியப்பு தருவது, தொலைவில் உள்ள கம்ப்யூட்டரில் வேலை செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச். தாம்பரத்தில் நான் ஓரத்தை இழுத்தது, மும்பை சர்வரில் ஓடும் 'விம்' எடிட்டருக்கு எப்படித் தெரிகிறது? சிக்னல் முதலில் என் கம்ப்யூட்டரில் உள்ள எஸ்எஸ்ஹெச்சுக்கு வருகிறது. அது புது அளவைக் கேட்டு வாங்கி, நெட்வொர்க்கில் தனிச் சேதியாக அனுப்புகிறது. அங்கே அது பதிவானதும், அந்த ஊர் கெர்னல் விம்முக்குப் புதிதாக ஒரு சிக்னல் கொடுக்கிறது. நடுவில் 'டிமக்ஸ்' இருந்தால் இன்னும் ஒரு கை மாறும். அது பிரித்த ஒவ்வொரு பகுதியும் தனி டெர்மினல் கணக்கு. சீரியல் கேபிளில் போர்டு டெஸ்ட் செய்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. கேபிளில் எழுத்து மட்டுமே போகும். அளவை 'எஸ்டிடிஒய்' கட்டளையில் நாமே அடிக்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆரம்பத்தில் ஒருமுறை அகலத்தைக் கேட்டு, கடைசிவரை அதையே நம்பி ஓட்டாதீர்கள். ராத்திரி ஷிஃப்டில் ஒருவர் விண்டோவைச் சுருக்கியதும், உங்கள் ப்ரோக்ரஸ் பார் ஒரே வரியில் நிற்காமல் வரிவரியாகக் கொட்டுகிறது. அவர் பார்க்க வேண்டிய எரர் மேலே ஓடிப்போகிறது. ஒவ்வொரு முறை வரையும்போதும் அகலத்தைக் கேளுங்கள். கெர்னல் அந்த நொடியே சொல்லிவிடும்.