தாயின் பெயர் பொறித்த கத்தி

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, ஐயாவின் வில்லுக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். முகாமில் பாண் வெட்டியதும், தறப்பாள் கட்டக் கயிறு அறுத்ததும் அதுதான். ஊர் திரும்புகையில் சோதனைக்குப் பயந்து ஒரு வேலியோரம் புதைத்தேன். பிறகு தேடியும் கிடைக்கவில்லை.

அந்தக் கவலையில்தான் பழைய மடக்குக் கத்திகளைச் சேர்க்கத் தொடங்கினேன். இன்று ஒரு பிஸ்கற் ரின் நிறைய இருக்கின்றன. சுவிஸிலுள்ள தம்பி வந்தபோது பயணப் பெட்டிக்குள் வைத்து இன்னொன்று கொண்டுவந்தான். அலுமினியப் பிடி, அலகின் அடியில் 1983 என்ற ஆண்டு. அந்நாட்டு இராணுவத்துக்கு 1961 முதல் செய்யப்பட்ட வகை. 2008இல் புதிய வகை வந்துவிட்டதால், சேகரிப்போர் இதனை ஆண்டு பார்த்துத் தேடுகிறார்கள்.

இராணுவக் கத்தி என்றதும் எனக்குத் தொட மனம் வரவில்லை. தம்பி அதன் கதையைச் சொன்னான். கார்ல் எல்சனர் என்பவர் 1884இல் தாய் விக்டோரியாவின் துணையோடு இபாக் என்னும் ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891இல் படையினருக்குக் கத்தி செய்து கொடுத்தார். 1909இல் தாய் இறந்ததும் அவரது பெயரையே தம் கத்திகளுக்குச் சூட்டினார். துருப்பிடிக்காத உருக்கு வந்தபின், 1921இல் அப்பெயர் 'விக்டோரிநொக்ஸ்' ஆனது.

விரித்துப் பார்த்தேன். ஓர் அலகு, ரின் வெட்டி, போத்தல் மூடி திறப்பது, துளையிடும் ஊசி. எல்லாம் வீட்டு வேலைக்கு உதவுபவை. இப்போது அது என் கைப்பையில் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஐயாவின் பழைய கத்தி கிடக்கலாம். துருவைத் துடைத்து, மடிப்பில் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.