மதுரையில் பங்குனி மாத வானிலை

மதுரையில் பங்குனி மாத வானிலை என்பது மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் மார்ச் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நிலவும் வானிலையைக் குறிக்கும். தமிழ் மரபின் ஆறு பெரும்பொழுதுகளில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலத்தைச் சேர்ந்தவை. ஆயினும் மதுரையில் பங்குனி நடைமுறையில் கோடையின் முதல் மாதமாகவே உள்ளது. வெயில் ஏறிக்கொண்டே செல்லும் இம்மாதத்தில் மழை மிகக் குறைவு. எனவே நகரமும் வேளாண்மையும் முந்தைய மழைக்காலத்தில் சேமிக்கப்பட்ட நீரையே நம்பியிருக்கின்றன.

அமைவிடம்

மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அகலாங்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், வைகை ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்துள்ளது. கோரிப்பாளையம் வடகரையில் உள்ளது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் கிளையான பழனி மலையும், வடக்கே சிறுமலையும், வடகிழக்கே அழகர் மலையும் உள்ளன. கிழக்கிலும் தென்கிழக்கிலும் நிலம் தடையின்றிக் கடலை நோக்கிச் சரிகிறது. கடற்கரையிலிருந்து தொலைவில் இருப்பதால் பகல் வெயிலைத் தணிக்கும் கடற்காற்று நகருக்கு உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை. வரும் நாட்களில் மாலைக்குப் பின்னரே அது உணரப்படுகிறது.

கதிரவனின் நிலை

பங்குனியில் கதிரவன் மீன இராசியில் இருக்கும். பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 20 அல்லது 21-ஆம் நாள் பங்குனியின் முதல் பத்து நாட்களுக்குள் வருகிறது. அன்று மதுரையில் நண்பகல் கதிரவன் தெற்கு அடிவானிலிருந்து 80 பாகை உயரத்தில் நிற்கும். மதுரை இந்தியச் சீர்நேரக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால் கதிரவன் உச்சியை அடைவது கடிகாரத்தில் 12 மணிக்கு அன்று, ஏறத்தாழ 12.25-க்கு ஆகும்.

அதன்பின் கதிரவன் நாள்தோறும் வடக்கே நகர்ந்து, ஏப்ரல் நடுவில் மதுரைக்கு நேர் உச்சியில் வருகிறது. அப்போது செங்குத்தாக நட்ட கோலின் நிழல் நண்பகலில் மறைந்துவிடும். இது சித்திரை பிறக்கும் நாளை ஒட்டியே நிகழ்கிறது. ஆகவே பங்குனி மாதம் முழுவதும் கதிரவன் உச்சியை நோக்கி ஏறும் காலம் எனலாம்.

பின்பனியும் கோடையும்

பங்குனி பின்பனியில் அடங்குவதற்கும் இன்றைய வெயிலுக்கும் உள்ள முரணுக்கு நாட்காட்டி ஒரு காரணமாகும். தமிழ் மாதங்கள் விண்மீன்களின் பின்னணியில் கதிரவன் இருக்கும் இடத்தைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. பருவங்களோ புவியின் அச்சுச் சாய்வைப் பொறுத்தவை. புவியின் அச்சு பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால் இவ்விரண்டும் ஏறத்தாழ 71 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. இவ்விலக்கம் பஞ்சாங்கங்களில் அயனாம்சம் எனப்படும். இன்று அது ஏறத்தாழ 24 பாகை ஆகும். சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்னர் பங்குனி, இன்றைய பெப்ரவரி மூன்றாம் வாரத்துக்கு ஒத்த பருவத்தில் தொடங்கியிருக்கும். மதுரையில் அதிகாலைப் பனி இன்றும் காணப்படும் காலம் அதுவே.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களைக் கோடைக்காலமாகக் கொள்கிறது.

வெப்பநிலை

மாதத் தொடக்கத்தில் பகல் வெப்பநிலை பொதுவாக 35 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். மாத இறுதியில் 37 பாகை அளவுக்கு உயரும். சில நாட்களில் 40 பாகையை நெருங்குவதும் உண்டு. அதிகாலை வெப்பநிலை 22 முதல் 25 பாகை வரை இருக்கும். வானம் தெளிவாக இருப்பதால் பகலில் நிலம் விரைவாகச் சூடேறி, இரவில் விரைவாக வெப்பத்தை இழக்கிறது. எனவே பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு மழைக்காலத்தைவிட இம்மாதத்தில் அதிகம். கோரிப்பாளையம் போன்ற நெருக்கமான பகுதிகளில் கட்டடங்களும் சாலைகளும் பகல் வெப்பத்தைத் தேக்கி வைப்பதால் இரவிலும் புழுக்கம் நீடிக்கிறது.

மழை

மதுரையின் ஆண்டு மழை ஏறத்தாழ 85 செ.மீ. ஆகும். இதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. சனவரி முதல் மார்ச் வரை மழை மிகவும் குறைவு. பங்குனியின் பிற்பகுதியில் சூடேறிய நிலக்காற்று மேலெழும்போது, கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதனுடன் சேர்ந்தால் மாலையில் இடி மின்னலுடன் கோடைமழை பெய்கிறது. இது சிறு பரப்பில், குறுகிய நேரமே பெய்யும். ஓர் ஊரில் கனமழை பெய்ய, அடுத்த ஊர் காய்ந்திருப்பது இயல்பு.

விதிவிலக்கான ஆண்டுகளும் உண்டு. 2008 மார்ச்சில் தமிழகத்தில் பருவம் தவறிய பெருமழை பெய்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் வங்கக் கடலின் தென்மேற்கில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவானது. இது அம்மாதத்தில் அரிதான நிகழ்வாகும்.

வைகையும் நீர் இருப்பும்

வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றும் வைகை பங்குனியில் மதுரைக்குள் பெரும்பாலும் வறண்டே இருக்கும். முற்காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி மக்கள் நீர் எடுத்தனர். மணல் அள்ளப்பட்டதாலும் கழிவுநீர் கலந்ததாலும் நகர எல்லையில் அவ்வழக்கம் அருகிவிட்டது.

ஆண்டிபட்டி அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடியாகும். 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீரும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பப்படுகிறது. மதுரையின் குடிநீருக்கு வைகை அணை முதன்மையான ஆதாரமாகும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கும் இவ்வணையிலிருந்தே நீர் திறந்துவிடப்படுகிறது. இதனால் பங்குனியில் அணையின் நீர்மட்டம் நகர மக்களின் கவனத்துக்கு உரியதாகிறது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் 2017 கோடையில் அணை நீர் மிகவும் தாழ்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நீர் ஆவியாவதைக் குறைக்க, நீர்ப்பரப்பின் மீது தெர்மாக்கோல் அட்டைகள் பரப்பப்பட்டன. காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டதால் அம்முயற்சி பயன் தரவில்லை.

காட்டுத்தீ

மழையின்றிப் புற்கள் காய்ந்துவிடுவதால் மாசி, பங்குனி மாதங்களில் மலைச்சரிவுகளில் தீ எளிதில் பரவும். 2018 மார்ச் 11 அன்று, பங்குனி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னர், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட தீயில் மலையேற்றம் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லும் மலைக்காற்றும் சேர்ந்தால் தீ எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

பயிர்களும் மக்கள் வாழ்வும்

பனிக்காலத்தில் குறைந்துவிடும் மல்லிகைப் பூவின் வரத்து, வெயில் ஏறத் தொடங்கியதும் பெருகும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விலை பொதுவாக மார்கழி, தை மாதங்களில் உயர்ந்தும் பங்குனிக்குப் பின் தாழ்ந்தும் காணப்படுவது இதனாலேயே. மாமரங்களில் பிஞ்சு பிடிக்கும் காலமும் இதுவே. இந்நேரத்தில் பலத்த காற்றுடன் மழை பெய்தால் பிஞ்சுகள் உதிர்ந்துவிடும். கோடைமழை பெய்த நிலங்களில் உழவர்கள் கோடை உழவு செய்கின்றனர். இது களைகளைக் குறைத்து, அடுத்த மழைநீர் மண்ணில் இறங்க உதவுகிறது. வேம்பு பூப்பதும் இப்பருவத்திலேயே. அப்பூ சித்திரை முதல் நாள் உணவில் சேர்க்கப்படுகிறது.

திருப்பரங்குன்றத்தில் பங்குனிப் பெருவிழாவும் தேரோட்டமும் இம்மாதத்தில் நடைபெறுகின்றன. திறந்த வெளியில் நெடுநேரம் நிற்கும் பக்தர்களுக்கு வழியெங்கும் நீர்ப்பந்தல்களில் மோரும் பானகமும் வழங்குவது வழக்கம். சின்னம்மை பரவுவதும் இக்காலத்தில் மிகுதி. வெயிலில் வேலை செய்வோரும் முதியோரும் குழந்தைகளும் நண்பகல் முதல் பிற்பகல் மூன்று மணி வரை நிழலில் இருப்பதும், தாகம் எடுக்கும் முன்னரே நீர் அருந்துவதும் நலம் பயக்கும்.