ஆறாவது ராணி எப்படித் தப்பித்தார்? ‘ஃபயர்பிராண்ட்’ படமும் நிஜக் கதையும்

இன்றைய எபிசோடில் ‘ஃபயர்பிராண்ட்’ என்கிற படத்தைப் பற்றிப் பேசப்போறேன். 2023 கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்ட படம். இயக்குநர் கரீம் ஐனூஸ் பிரேசில்காரர். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியாக ஜூட் லா, அவருடைய ஆறாவது மனைவி கேத்தரின் பாராக அலிசியா விகாண்டர். எலிசபெத் ஃப்ரீமேண்டில் எழுதிய ‘குயின்ஸ் கேம்பிட்’ நாவல்தான் மூலம். அதே பெயரில் செஸ் பற்றி ஒரு தொடர் வந்ததே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

முதல்லயே ஒரு எச்சரிக்கை. படத்தோட முடிவைச் சொல்லித்தான் ஆகணும். ஏன்னா நான் இன்னைக்குப் பேச வந்ததே அந்த முடிவைப் பத்தித்தான். படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வந்து கேளுங்க.

ஹென்றியின் மனைவிகளோட கணக்கை முதல்ல பார்த்துடலாம். முதல் மனைவி, அராகன் நாட்டு கேத்தரின். அவரை விலக்குவதற்காக ஹென்றி போப்பாண்டவரின் திருச்சபையிலிருந்தே இங்கிலாந்தைப் பிரித்தார். இரண்டாவது, ஆன் போலின். 1536இல் தலை வெட்டப்பட்டது. மூன்றாவது, ஜேன் சீமோர். மகன் எட்வர்டைப் பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். நான்காவது, க்ளீவ்ஸ் நாட்டு ஆன். ஆறே மாதத்தில் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஐந்தாவது, இளம்பெண்ணான கேத்தரின் ஹோவர்ட். 1542இல் அவருக்கும் தலை போனது. இவங்களுக்கு அப்புறம் வந்தவர்தான் நம்ம கதாநாயகி.

1543 ஜூலையில், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் திருமணம். கேத்தரின் பாருக்கு அப்போ சுமார் முப்பது வயது இருக்கும். ஏற்கெனவே இரண்டு கணவர்களை இழந்தவர். தாமஸ் சீமோர் என்பவரை மணக்க விரும்பியிருந்தார். அந்த நேரத்துல ராஜா வந்து பெண் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா? அதுவும் முந்தைய ராணியோட தலை விழுந்து ஒன்றரை வருஷம்கூட முழுசா ஆகாத நேரத்துல.

இந்தப் பெண்ணை வெறும் பாவப்பட்ட மனைவியா நினைச்சிடாதீங்க. 1544இல் ஹென்றி பிரான்ஸ் மீது படையெடுத்துப் போனபோது, ராஜ்ஜியத்தைக் கவனிக்கும் பொறுப்பை இவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். படம் தொடங்குவதும் அந்தக் காலத்தில்தான். 1545இல் கேத்தரின் ஒரு பிரார்த்தனை நூலை வெளியிட்டார். ஆங்கிலத்தில் தன் சொந்தப் பெயரோடு நூல் வெளியிட்ட முதல் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் இவரைச் சொல்கிறார்கள். ஆன் போலினின் மகள் எலிசபெத், பதினோரு வயதில், பிரெஞ்சு மொழியிலிருந்து ஒரு நூலை மொழிபெயர்த்து, எம்ப்ராய்டரி அட்டை போட்டு, இந்தச் சித்திக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தாள். அந்தப் புத்தகம் இன்றைக்கும் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கு.

சரி, புத்தகம் படிச்சதுலயும் எழுதுனதுலயும் என்ன ஆபத்து? இங்கதான் அந்தக் காலத்தைப் புரிஞ்சுக்கணும். 1543இல் ஒரு சட்டம் வந்தது. சாதாரணப் பெண்கள், கைவினைஞர்கள், விவசாயிகள், கூலிக்காரர்கள் யாரும் ஆங்கில பைபிளைப் படிக்கக் கூடாது. உயர்குடிப் பெண்கள் படிக்கலாம், ஆனால் தனியாக, தனக்குத் தானே. மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டக் கூடாது. இந்தச் சட்டம் அமலில் இருக்கும்போதுதான் ராணி தன் அறையில் தோழிகளைக் கூட்டிவைத்துச் சமயம் பேசிக்கொண்டிருந்தார். போதாததுக்கு ராஜாவோடயே அதைப் பற்றி வாதமும் செய்தார்.

ஹென்றி போப்பை எதிர்த்தவர்தான். ஆனா அதனால அவர் சீர்திருத்தவாதி ஆகிடலை. வழிபாட்டில் பழைய நம்பிக்கைகளை விடாமல் வைத்திருந்தார். அவற்றை மறுத்தால் உயிரோடு எரிப்பு. 1546 ஜூலை 16 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் அப்படி எரிக்கப்பட்டவர் ஆன் அஸ்கியூ. இருபத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன்னால் லண்டன் டவரில் அவரைச் சட்டத்தில் கட்டி, கைகால்களை இருபுறமும் இழுத்தார்கள். ராணியைச் சுற்றியிருந்த பெண்களின் பெயர்களை அவர் வாயிலிருந்து வாங்குவதுதான் நோக்கம். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. எரிக்கிற இடத்துக்கு நடந்துபோக முடியாமல், நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

படத்தில் ராணியும் ஆன் அஸ்கியூவும் நெருங்கிய தோழிகள். ராணி ரகசியமாகக் காட்டுக்குள் போய் அவளைச் சந்திக்கிறார். அந்தச் சந்திப்பு கற்பனை. ஆனா ஆனை வதைச்சவங்க உண்மையில குறிவைச்சது ராணியின் வட்டத்தைத்தான். அந்த அளவுக்குப் படம் சரியான இடத்தில்தான் கை வைக்குது.

இப்போ அந்தப் புகழ்பெற்ற சம்பவம். பின்னாளில் ஜான் ஃபாக்ஸ் என்பவர் தன் நூலில் எழுதியது. மனைவி தன்னோடு வாதம் பண்ணுவது ஹென்றிக்கு எரிச்சலாகிறது. வின்செஸ்டர் பிஷப் ஸ்டீஃபன் கார்டினர் அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றுகிறார். ராணிமீது குற்றப் பத்திரிகை தயாராகிறது. ராஜா கையெழுத்தும் போட்டுவிடுகிறார். யாரோ தவறவிட்ட அந்தக் காகிதம் ராணியின் கைக்கு வந்து சேர்கிறது. பயத்தில் அவர் படுத்த படுக்கையாகிறார்.

பிறகு எழுந்து, இரவு ராஜாவின் அறைக்குப் போகிறார். ராஜா வேண்டுமென்றே சமயப் பேச்சை எடுக்கிறார். ராணி மாட்டவில்லை. நான் பெண், எனக்கென்ன தெரியும், நீங்கள்தான் எனக்குத் தலைவர் என்கிற பொருளில் பேசுகிறார். அப்போ இத்தனை நாள் எனக்கே பாடம் நடத்தினாயே என்று ராஜா கேட்க, உங்கள் கால் வலியை மறக்கடிக்கத்தான் வாதம் செய்தேன், உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளத்தான் கேட்டேன் என்கிறார். ஹென்றிக்குக் காலில் ஆறாத புண் உண்டு. ராஜா மனம் குளிர்ந்துபோகிறார். மறுநாள், ராணியைக் கைது செய்ய நாற்பது காவலர்களோடு தோட்டத்துக்கு வந்த அமைச்சரைத் திட்டித் துரத்திவிடுகிறார்.

ஃபாக்ஸ் சீர்திருத்தப் பக்கத்து ஆள், கார்டினரை வில்லனாக்குவதில் அவருக்கு ஆர்வம் உண்டு என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்கணும்.

படம் இந்த இடத்துலதான் வேற பாதையில போகுது. கேத்தரின் சிறைக்குப் போகிறார். கடைசியில் நோயில் கிடக்கும் ஹென்றியைத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறார். வரலாற்றில் அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை. 1547 ஜனவரி 28 அன்று ஹென்றி நோயில்தான் இறந்தார். வரலாறு ஆண்களையும் போர்களையும்தான் பதிஞ்சு வச்சிருக்கு, மத்தவங்களைப் பத்தி நாமதான் ஊகிச்சுக்கணும்னு படம் ஆரம்பத்திலேயே எழுத்துல போட்டுடுது. அதனால ஏமாத்திட்டாங்கன்னு சொல்ல முடியாது.

உண்மையைச் சொல்றேன், அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்குள்ள ஒரு திருப்தி வந்தது. ஜூட் லா அந்த ராஜாவை அவ்வளவு பயங்கரமா செய்திருக்கார். சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது எப்போ கை ஓங்கும்னு தெரியாது. ஆனா படம் முடிஞ்ச பிறகு அந்தத் திருப்தி நிக்கலை. நிஜ கேத்தரினோட தப்பித்தலைப் பார்க்க நமக்குக் கூச்சமா இருக்கோ? ‘எனக்கென்ன தெரியும்’னு ஒரு பெண் தலைகுனிஞ்சு பேசுறதை வீரம்னு ஏத்துக்க மனசு வராததாலதான் அவர் கையில கொலையைக் கொடுக்குறோமோ?

ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆன் வளையவில்லை, எரிந்தார். கேத்தரின் வளைந்தார், பிழைத்தார். ஆனை மதிக்கிறது சுலபம். கேத்தரினை மதிக்கணும்னா, அடுத்து என்ன நடந்ததுன்னு பார்க்கணும். அவரிடம் இன்னொரு நூல் இருந்தது. தன்னைப் பாவியாகச் சொல்லி அழும் நூல், வெளிப்படையாகச் சீர்திருத்தம் பேசும் நூல். ஹென்றி இருந்தவரை அது வெளிவரவில்லை. அவர் இறந்த அதே வருடம், 1547 நவம்பரில், அச்சானது. அந்த இரவு ராஜா முன்னால ‘எனக்கொன்றும் தெரியாது’ என்றவர் சொல்ல நினைத்ததெல்லாம் அதில் இருந்தது.

முழுச் சுபம்னு சொல்ல முடியாது. ஹென்றி போன சில மாதங்களிலேயே தாமஸ் சீமோரை மணந்தார். அந்த வீட்டில் வளர்ந்த எலிசபெத்திடம் அதே சீமோர் தவறாக நடந்துகொண்டார். 1548 செப்டம்பரில், மகளைப் பெற்ற சில நாட்களில் கேத்தரின் காய்ச்சலில் இறந்துபோனார். கொடுங்கோலனிடமிருந்து தப்பிய பிறகு அவருக்குக் கிடைத்தது இருபது மாதம்கூட இல்லை.

ஆனா அந்த இரவில் அவர் உயிரோடு அறையை விட்டு வெளியே வந்ததால்தான் அந்தப் புத்தகம் நம் கைக்கு வந்தது. படத்தைப் பாருங்க, நடிப்புக்காகவே பார்க்கலாம். பார்த்து முடிச்சதும், படம் காட்டாத அந்த அறைக்குள்ளயும் ஒருமுறை மனசால போய் வாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.