பாடத்தை விடலாமா, தாத்தா?

எங்கள் திருப்புறம் கேரளத்தில் இருக்கிறது. பாறசாலையைத் தாண்டினால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை வட்டம் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழுமாக வளர்ந்த குடும்பம் எங்களுடையது. இன்று என் அக்காளின் பேத்தி அமெரிக்காவில் இளநிலைப் பட்டப்படிப்பு மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

ஒரு ஞாயிறு காலை தொலைபேசியில் அழைத்தாள். "தாத்தா, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இரண்டாம் பாகம் ஓடவே மாட்டேன் என்கிறது. விட்டுவிடலாமா? அப்பாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது" என்றாள்.

அங்கெல்லாம் பருவத்தின் நடுவே ஒரு குறித்த நாள் வரை பாடத்தைக் கைவிட அனுமதி உண்டு. மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' என்ற எழுத்து விழும், சராசரியில் சேராது. தோற்றால் விழும் 'எஃப்' சேரும். மேற்படிப்புக்கு மனுச் செய்யும்போது ஒரு டபிள்யூவைப் பெரும்பாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாலைந்து இருந்தால்தான் கேள்வி வரும்.

நம் கணித மேதை ராமானுஜனுக்கு இந்தச் சலுகை இல்லை. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றதைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் காலை வாரியது. எஃப்.ஏ. தேர்வில் 1906-இலும் 1907-இலும் தோல்வி. 1912-இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். அங்கே தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், எங்களைப் போல ரயில்வேயில் உழைத்த பொறியாளர்! அவரைப் போன்ற சிலர் ஆதரவு தந்ததாலும் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தாலும், 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாதவருக்கே மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி தந்தது. ராமானுஜனைக் காட்டிப் பாடத்தைத் தள்ளும் பிள்ளைகள் நடுவில் கழிந்த அந்த ஐந்தாறு வருடங்களை மறந்துவிடுகிறார்கள்.

என் கதை வேறு. டிப்ளமோவோடு ரயில்வேயில் சேர்ந்தவன் நான். ஏ.எம்.ஐ.இ. தேறினால் பட்டத்துக்குச் சமம் என்ற காலம் அது. கடைசியில் ஒரே பாடம் மிச்சம். இரண்டு முறை பணம் கட்டினேன். பரீட்சை எழுதப் போகவில்லை. மழை, மண்சரிவு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று காரணத்துக்குப் பஞ்சமா? விட்டுவிட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அடுத்த தடவை" என்றே சொல்லிச் சொல்லி ஓய்வும் பெற்றுவிட்டேன். இதை அவளிடம் சொன்னேன். வீட்டில்கூட இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

பிறகு கேட்டேன்: "மக்களே, நீ போக நினைக்கிற படிப்புக்கு இந்தப் பாடம் வேணுமா?"

அவளுக்கு ஆசை பொதுச் சுகாதாரத்தில், நோய் பரவும் விதத்தை ஆராயும் எபிடெமியாலஜியில். மனுச் செய்ய நினைத்த ஆறு இடங்களின் விதிகளையும் படித்தாள். எங்கும் இந்தப் பாடம் கேட்கவில்லை, புள்ளியியல் கேட்டிருந்தார்கள். ஆனால் அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் இதைக் கேட்கும். அவள் அப்பா, என் மருமகன், மகளை டாக்டராகவே பார்த்துக்கொண்டிருந்தான். பாடத்தை விடுவதைவிட அதை அவனிடம் சொல்வதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. "நாள் தவறுவதற்கு முன் நீயே சொல்" என்றேன். நான் தூது போக மறுத்துவிட்டேன்.

மாணவர் விசாவில் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. எஃப்-1 விசாவில் இளநிலை படிப்பவருக்குப் பொதுவாகப் பருவத்துக்கு 12 கிரெடிட் வேண்டும். பாடத்தை விட்டு அதற்குக் கீழே போவதானால், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இல்லாவிட்டால் விசாவுக்கே ஆபத்து. 'பிளாக்' வாங்காமல் நாங்கள் தண்டவாளத்தில் கை வைப்பதில்லை.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு அவள் பாடத்தை விட்டாள். அடுத்த பருவத்தில் புள்ளியியல் எடுத்தாள். மருமகன் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு இரவு எனக்குப் போன் செய்து, "மாமா, இந்த எபிடெமியாலஜி படிச்சா என்ன வேலை செய்வா?" என்றான்.

2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது யார் யாருடன் பழகினார்கள் என்று தேடித் தேடிப் பட்டியல் போட்டார்களே, அந்த வேலை என்றேன்.

"அதுவா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு எத்தனை வருஷம் படிக்கணும்?" என்று கேட்டான்.