நந்தி விலகிய நாடகம்

திருப்புன்கூர் சிவலோகநாதரைத் தரிசித்தவர்கள் அத்தலத்து நந்தியை மறந்திருக்க மாட்டார்கள். சுவாமிக்கு நேரெதிரே இருக்க வேண்டிய நந்தி, அங்கே சற்று விலகி அமர்ந்திருக்கிறது. பிறந்த குலத்தின் பெயரால் வாயிலுக்கு வெளியே நின்று ஏங்கிய திருநாளைப்போவார், அதாவது நந்தனார், கண்ணாரக் காணும்பொருட்டு இறைவன் நந்தியை விலகப் பணித்தார் என்பது சேக்கிழார் பெருமான் அருளிய வரலாறு. வைத்தீசுவரன்கோயிலுக்குச் செல்லும்போதெல்லாம் அருகிலுள்ள அத்தலத்தையும் வணங்கி வருபவன் நான். ஆயினும், அந்த விலகலின் பொருள் எனக்கு விளங்கியது ஒரு பள்ளிக்கூட மேடையில்தான்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் வீடு தேடி வந்தார். "ஆண்டு விழாவில் வருடந்தோறும் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறார்கள். இம்முறை நந்தனார் சரித்திரத்தை இசை நாடகமாகப் போட வேண்டும். நீங்கள்தான் நடத்தித் தர வேண்டும்" என்றார். இளமையில் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டுக் கற்றிருந்த துணிவில் ஒப்புக்கொண்டேன்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் கதாகாலட்சேப மேடைகளில் புகழ்பெற்று, காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சீசே துரையின் ஆதரவால் 1860களின் தொடக்கத்தில் அச்சேறின. பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் என்னும் பண்ணையாரைப் படைத்து, கதைக்கு நாடகச் சுவை ஊட்டியவர் பாரதியாரே. அக்கீர்த்தனைகளில் பன்னிரண்டை மட்டும் எடுத்து, ஒரு மணி நேர நாடகமாக அமைத்தேன். பிள்ளைகள் நாற்பது பேர்; மாலை நாலரை மணிக்கு ஒத்திகை.

முதல் வாரம் ஒரே கூச்சல். ஒவ்வொருவரும் தம் குரல் மட்டுமே கேட்க வேண்டும் என்று பாடினர். "பக்கத்தில் இருப்பவன் குரல் உன் காதில் விழவில்லையென்றால், நீ அளவுக்கு மீறிப் பாடுகிறாய் என்று பொருள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் வாரத்தில் நாற்பது குரல்களும் ஒரே சுருதியில் சேர்ந்தன. அன்று பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வியந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

நந்தனாரின் திருத்தொண்டை ஒருநாள் விளக்கினேன். கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார் அவர். குழுப் பாடகர் வரிசையின் கடைசியில் அமர்ந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவி எழுந்தாள். "அவர் கொடுத்த தோல் உள்ளே போகலாம், அவர் மட்டும் போகக் கூடாதா சார்?" என்று கேட்டாள். முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கு வழக்குகளுக்கு விடை சொன்ன எனக்கு, அக்கேள்விக்கு விடை சொல்ல நாவெழவில்லை. "நியாயமில்லைதான் அம்மா. அதைச் சொல்லத்தான் நாம் இந்நாடகத்தைப் போடுகிறோம்" என்றேன்.

நந்தனாராக நடித்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஐந்து கட்டைச் சுருதியில் அவன் பாடினால், வாசலில் நிற்கும் காவலாளியும் உள்ளே எட்டிப் பார்ப்பார். விழாவிற்கு மூன்று வாரம் இருக்கையில் அக்குரல் உடைந்தது. மேல் ஸ்தாயியில் ஒலி பிளந்தது. சில சமயம் காற்று மட்டுமே வந்தது. அந்த வயதில் ஆண்பிள்ளைகளுக்கு இயற்கையாக நேர்வதுதான். அது தெரிந்திருந்தும், "சாதகம் செய்யாமல் ஊர் சுற்றுகிறாயா?" என்று நாற்பது பேர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். என் நாடகம் கெட்டுவிடுமே என்ற அச்சம் என் கண்ணை மறைத்திருந்தது.

மறுநாள் அவன் அந்த எட்டாம் வகுப்பு மாணவியை அழைத்துக்கொண்டு வந்தான். "சார், பன்னிரண்டு பாட்டும் இவளுக்குப் பாடம். சுருதியும் அதேதான். வசனத்தை நான் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு நந்தி வேஷம் கொடுங்கள், அதற்குக் குரல் வேண்டாம்" என்றான். கண் கலங்கியிருந்தது; ஆனால் சொல்லில் தடுமாற்றம் இல்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வயதில் சிறியவனிடம் மன்னிப்புக் கேட்பது எத்தனை கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"பெண்பிள்ளை நந்தனாராக வருவதா?" என்று சிலர் முணுமுணுத்தனர். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்ததை நினைவூட்டினேன். முணுமுணுப்பு அடங்கிற்று.

விழா நாள் வந்தது. திருப்புன்கூர்க் காட்சி. மேடையின் ஓரத்தில் நந்தனார். நடுவில் அட்டையும் காகிதமும் ஒட்டிச் செய்த பெரிய நந்தி. அதன் பின்னே தீபவொளியில் சிவலிங்கம். அப்பெண் உருகிப் பாடினாள். பாட்டு முடியும் தறுவாயில் நந்தி மெல்ல, மிக மெல்ல, ஒருபுறமாக நகர்ந்தது. அரங்கமே எழுந்து கைகூப்பியது. எல்லோரும் நந்தனாரையும் சிவலிங்கத்தையும் பார்த்தனர். நான் மட்டும் நந்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அட்டைக் கூட்டுக்குள், யார் கண்ணிலும் படாமல் முழந்தாளிட்டு நகர்ந்த பிள்ளை, மூன்று வாரங்களுக்கு முன்பே உண்மையாக விலகிவிட்டவன் அல்லவா!

பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கப் போனவன் நான். மேடையில் ஒளிர்வது ஒரு பேறு. பிறர் ஒளிரும்படி வழிவிடுவது அதனினும் பெரிய பேறு என்பதை அவன் எனக்குக் கற்பித்தான். விலகியதால் நந்தியெம்பெருமானின் பெருமை குறைந்துவிடவில்லை. விலகிய கோலத்தையே இன்றும் நாம் தேடிச் சென்று வணங்குகிறோம்.

கருவறை முன்னே நெடுநேரம் நின்று, பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பதை நாமும் சில வேளை உணர்வதில்லை. இல்லத்திலும் அப்படித்தான், மகனோ மருமகளோ பொறுப்பேற்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில், பழக்கத்தால் நாமே நடுவில் அமர்ந்திருக்கிறோம். அடுத்த முறை சந்நிதியில் நிற்கும்போது, ஒரு கணம் திரும்பிப் பார்ப்போம். நமக்குப் பின்னே யாரேனும் காத்திருக்கலாம்.

திருச்சிற்றம்பலம்.