புதிய பொருளும் தனித்தனியே ஓடும் பிரிவுகளும்

புதிய பொருளொன்றைச் சந்தைக்குக் கொண்டுவர நினைக்கும் எம்மவர் பலர், பொருள் தரமாக இருந்தால் போதும், மற்றவை தானாக நடக்கும் என்று எண்ணுகின்றனர். கொள்வனவு, உற்பத்தி, கணக்கு, விற்பனை என்பன ஒன்றையொன்று அறியாமல் ஓடினால் நல்ல பொருளும் நட்டத்தில்தான் முடியும்.

எயார்பஸ் கம்பனியின் ஏ380 விமானத்தைப் பாருங்கள். அதன் பாகங்கள் ஜேர்மனி, பிரித்தானியா, ஸ்பெய்ன், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் செய்யப்பட்டு, பிரான்சின் துலூஸ் நகரில் பொருத்தப்பட்டன. ஒரு விமானத்தினுள் ஓடும் மின்கம்பிகளின் நீளம் மட்டும் சுமார் 500 கிலோமீற்றர். ஹம்பர்க்கிலிருந்து வந்த பாகங்களின் கம்பிகளைத் துலூஸில் இணைக்கப் போனபோது நீளம் போதவில்லை! இரு இடத்துப் பொறியியலாளர்களும் ஒரே வரைபட மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பாவித்திருந்தனர். ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கம் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் தாய்க் கம்பனியின் பங்கு விலை ஒரே நாளில் சுமார் 26 வீதம் வீழ்ந்தது. அடுத்த மாதம் இரு தலைவர்கள் பதவி விலகினர். முதல் விமானம் சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கைக்கு வந்தது 2007 ஒக்டோபரில். இத்தனை பெரிய கம்பனிக்கே இந்தக் கதி.

நானும் இதைச் சின்ன அளவில் அனுபவித்தவன். நோன்புக் கஞ்சிக்கான சரக்குத்தூள் பைக்கற்று ஒன்றைத் தயாரித்தோம். ருசியில் குறையில்லை. ஆனால் விற்பனைக்குப் போன தம்பி கடைகளுக்கு 50 கிராம் பைக்கற்று என்று வாக்குக் கொடுத்திருக்க, நான் 100 கிராமுக்குப் பை அச்சடித்து விட்டேன். கணக்குப் பார்ப்பவருக்கோ இரண்டும் தெரியாது. அவர் விலையை ஏலக்காயின் பழைய விலையில் போட்டிருந்தார். பையை மீண்டும் அச்சடித்து எடுக்கும்போது நோன்பு இருபது. பெருநாள் உடுப்புக்கு ஓடும் நேரத்தில் கஞ்சிச் சரக்கை யார் கேட்பார்? விமானத்தைத் தாமதித்தாவது கொடுக்கலாம், றமழானைத் தள்ளிப்போட முடியுமா?

அதற்குப் பின் எங்கள் கடையில் புதுப் பொருளுக்கென ஒரு கொப்பி உண்டு. நிறை, அடக்க விலை, விற்பனை விலை, கடைக்குப் போக வேண்டிய திகதி எல்லாம் அதில்தான். திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அச்சகத்துக்கு எத்தனை நாள், சரக்கு வாங்க எத்தனை நாள் என்று எழுதுகிறோம். வியாழக்கிழமை அஸருக்குப் பின் எல்லோரும் அரைமணி நேரம் உட்காருவோம். மாற்றம் எதுவானாலும் அங்கே சொல்லியாக வேண்டும், முதலாளியான நான் உட்பட. நால்வரும் ஒப்பமிட்ட பிறகே பைக்கு ஓடர் போகும்.